கத்தி வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

ஆபரேஷன் என்றதும் சர்க்கரை, உப்பு, எக்ஸ்ரே எல்லாம் பார்க்கிறார்கள். "பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதுண்டா? தாய்மாமன் யாருக்காவது அப்படி ஆனதுண்டா?" என்ற கேள்வி மட்டும் அவசரத்தில் விட்டுப்போவதுண்டு. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டாலும், பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழ்த் தொழிலாளி பாதி புரிந்து, "ஒன்றுமில்லை சார்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமல்ல. ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களில் ஒன்று பிறவியிலேயே குறைந்திருந்தால், டான்சில் ஆபரேஷனும் உயிருக்கு உலை வைக்கும். இவற்றுள் பெயர் பெற்ற ஹீமோபிலியாவின் முக்கிய வகை, சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு உண்டு. தாய் வழியாக மகனுக்கு வருவது இது. குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் மூன்றில் ஒரு பங்கு. வான் வில்லிபிராண்ட் என்ற மற்றொரு குறை பெண்களையும் விடாது. மாதவிடாயின் மிகுதியான போக்கை "உடம்பு வாகு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

லேபாரட்டரி ரிப்போர்ட் போதும் என்பதும் தவறு. பதின்மூன்றாம் ஃபாக்டர் குறைந்தவருக்கு வழக்கமான உறைதல் பரிசோதனைகள் சரியாகவே காட்டும். ஆபரேஷன் முடிந்து பல மணி நேரம் கழித்து ரத்தம் கசியத் தொடங்கும். பிறந்தபோது தொப்புள்கொடியில் ரத்தம் நிற்கவில்லை என்று பாட்டி சொல்லும் சேதிதான் அங்கே துப்பு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் குடும்பங்களில் இத்தகைய அரிய குறைகள் கூடுதலாகத் தலைகாட்டும் என்பதைத் தமிழர்கள் மறந்துவிடலாகாது.

முன்கூட்டித் தெரிந்தால் பயமில்லை. குறைந்த பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டு ஆபரேஷன் செய்யலாம். காட்பாடியில் இறங்கினால் எட்டிவிடும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி, விலை உயர்ந்த இந்த மருந்தை மேல்நாட்டு அளவைவிடக் குறைவாகக் கொடுத்தே பெரிய ஆபரேஷன்களை நடத்திக் காட்டியிருக்கிறது.

ஆகவே சர்ஜன்கள் நோயாளிக்குப் புரிகிற மொழியில், தேவையானால் தமிழ் தெரிந்த நர்ஸை அருகில் வைத்துக்கொண்டு, இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். தொழிலாளர்களும் ஆபரேஷன் தேதி குறித்தவுடன் ஊருக்குப் போன் போட்டு, தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ரத்தப்போக்கால் அவதிப்பட்டவர்கள் உண்டா என்று பெரியவர்களிடம் விசாரித்து, ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுக்க வேண்டும். சாப்பிடும் வலி மாத்திரைகளின் பெயரும் அதில் இருக்கட்டும்.