ஜன்னலை மறைக்கும் பீரோ
பட்டா மாறுதலுக்காகத் தாலுகா அலுவலகம் போனபோது, என் கவனமெல்லாம் அங்கிருந்த ஜன்னல்கள் மேலேயே நின்றது. ஆளுயர ஜன்னல்கள், ஒவ்வொன்றையும் அடைத்தபடி ஓர் இரும்பு பீரோ, அதன் மேல் கோப்புக் கட்டுகள். வெளியே பங்குனி வெயில் கொளுத்த, உள்ளே காலை 11 மணிக்கே எல்லா டியூப்லைட்டுகளும் எரிந்தன. ஒரு வரிசைக்கே ஒரு சுவிட்ச் என்பதால், ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் வரிசை முழுவதும் எரிந்தாக வேண்டும். மின்சிக்கனம் என்றதும் மொட்டைமாடியில் சோலார் தகடு போடுவதைப் பற்றிப் பேசுகிறோம், தேவைதான். சுமார் 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறியை எடுத்துவிட்டு, 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி விசிறியை மாட்டுவதும் தேவைதான். ஆனால் பீரோவை நகர்த்த நிதி ஒதுக்கீடு வேண்டாம், இன்றே செய்யலாம். வீட்டில் ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் உடனே அணைக்கிறோம், கட்டுவது நம் பணம் என்பதால். அலுவலகத்துக்குக் கட்டுவதும் நம் வரிப்பணம்தானே! மாதந்தோறும் எத்தனை யூனிட் செலவானது என்று ஒவ்வோர் அலுவலகமும் வாசல் பலகையில் எழுதி வைக்கட்டும். ஊழியர்களும் பார்ப்பார்கள், மனுவோடு வருகிற மக்களும் பார்ப்பார்கள். பொறுப்பு அங்கிருந்துதான் வரும்.