இறால் பண்ணைகளை எதிர்த்த தம்பதி: ஜெயித்த வழக்கு என்ன ஆச்சு?

கடலோரத்தில் இறால் பண்ணை வைக்க யாருக்கு அனுமதி, எவ்வளவு தூரம் தள்ளி வைக்கணும்? இன்றும் சூடாக இருக்கும் இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் கிருஷ்ணம்மாள் - ஜெகந்நாதன் தம்பதி. காந்தியவாதிகளான இவர்களுக்கு இறால் மீது ஏன் கோபம்?

யார் இவர்கள்?

ஜெகந்நாதன் வசதியான குடும்பத்துப் பிள்ளை. கிருஷ்ணம்மாள் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். நாடு விடுதலை அடைந்த பிறகுதான் கல்யாணம் என்று முடிவெடுத்திருந்த ஜெகந்நாதன், 1950-ல் கிருஷ்ணம்மாளைக் கைப்பிடித்தார். வினோபாவின் பூதான இயக்கத்தில் இருவரும் இறங்கினார்கள்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வுக்காகப் போராடிய தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதன்பிறகு தம்பதியின் களம் கீழத்தஞ்சை ஆனது.

அவர்கள் செய்தது என்ன?

சிம்பிளா சொன்னா, கூலிக்காரர்களை நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆக்கினார்கள். 1981-ல் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் பேசி விலை முடிவு செய்து, வங்கிக் கடனில் நிலத்தை வாங்கினார்கள். குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் அளவில் பிரித்து, பட்டாவைப் பெண்கள் பெயரில் கொடுத்தார்கள்.

இறால் எங்கே வந்தது?

1990-களில் ஏற்றுமதிக்கான இறால் பண்ணைகள் டெல்டா கடலோரத்தில் வேகமாகப் பெருகின. குளத்து உப்புநீர் பக்கத்து வயலிலும் கிணற்றிலும் இறங்கியது. நடவு, களை, அறுப்பு என்று பலருக்கு வேலை தந்த வயல் குளமானால், காவலுக்குச் சிலர் போதும். பட்டா கையில் இருந்தும் பயிர் வைக்க முடியாவிட்டால் அந்த நிலத்தால் என்ன பயன்? ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. உச்ச நீதிமன்றத்தில் ஜெகந்நாதன் பெயரில் வழக்கு.

தீர்ப்பு என்ன?

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தெளிவாகச் சொன்னது: பாரம்பரிய முறைக்கு விலக்கு உண்டு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள மற்ற பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும்.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா?

இல்லை. மறுஆய்வு மனுக்கள் வந்தன. அகற்றும் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, மண்டல விதியின் தடையிலிருந்து பண்ணைகளுக்கு 1991 முதலே பொருந்தும்படி விலக்கு கொடுத்தது. 2023 திருத்தம் அந்த அனுமதியை இன்னும் உறுதியாக்கியது. மீறலுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதம் கொண்டுவந்தது.

இறால் அந்நியச் செலாவணி தருகிறது, பலருக்குத் தொழிலும் தருகிறது என்பது அரசின் வாதம். அது பொய் இல்லை. ஆனால் வருமானம் ஒருவருக்கு, உப்புக்கிணறு இன்னொருவருக்கு என்று ஆகிறபோது கணக்கு இடிக்கிறது.

இதில் என்ன புரிகிறது?

2008-ல் இத்தம்பதிக்கு 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013-ல் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 2020-ல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. விருதுகள் வந்தன, வழக்கில் கிடைத்த வெற்றி கரைந்தது. ஆனால் பெண்கள் பெயரில் பதிவான பட்டாக்களை எந்தத் திருத்தமும் தொடவில்லை. தீர்ப்பைச் சட்டம் போட்டு மாற்றலாம். கைக்கு வந்த நிலத்தை அவ்வளவு சுலபமாகப் பிடுங்க முடியாது. அந்த நிலத்தில் விளையுமா என்பதைத்தான் பக்கத்துக் குளம் தீர்மானிக்கிறது.