இடையில் நின்றவர்

பிறமொழிச் சொல்லொன்றை எடுத்தாளுவோர் அதன் பொருளையும் பிறப்பையும் ஆராய்ந்து கொள்ளுதல் கடன். ஆராயாது வீசிய சொல் அதன் பொருள் அறியாதவனையும் புண்படுத்தும் என்பதைச் சென்ற ஆண்டு யான் நேரிற் கண்டேன்.

என் ஊர், உடுமலைக்குத் தெற்கே அணையை ஒட்டியமைந்த அமராவதி நகர். அங்கே என்னுடன் ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற தோழன் ஒருவன், தந்தையார் நோய்வாய்ப்பட்டமையால் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் திருப்பூர் சென்றான். இன்று பனியன் கம்பெனியொன்றில் ஓவர்லாக் தையற்பொறியின்முன் அமர்ந்து, தங்கையர் இருவரைப் படிக்க வைத்து வருகின்றான். அவன் என்னைக் காண விடுதிக்கு வந்திருந்தபொழுது, உடனிருந்த மாணாக்கர் ஒருவர், “டிராப்-அவுட்டா?” என்று வினவினார்; மற்றொருவர், “குவிட்டர் என்று சொல்லும்” என்று நகைத்தார். பேருந்து நிலையத்துக்குச் செல்லும் வழியில், “அவர்கள் என்ன சொன்னார்கள்?” என்று தோழன் கேட்டான். யான் விடை கூறாது பேச்சை மாற்றினேன். அன்று கூறாத விடையே இக்கட்டுரை.

‘குவிட்’ என்னும் ஆங்கிலச் சொல் பிறப்பால் இழிந்ததன்று. அமைதியுற்ற நிலையைக் குறித்த இலத்தீன் சொல்லொன்று பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்து, கடனினின்றும் கட்டினின்றும் நீங்கிய நிலையை முதற்கண் உணர்த்திற்று. அமைதியைக் குறிக்கும் ‘குவயட்’ என்பதும், குற்றமற்றவனென்று நீதிமன்றம் விடுவித்தலைக் குறிக்கும் ‘அக்குவிட்’ என்பதும் அதன் உடன்பிறப்புகளே. முயற்சியை விட்டோடுபவன் என்று இகழும் ‘குவிட்டர்’ என்னும் பெயரோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிற் பரவியது. தோல்வி மனத்தினனைப் பழிக்கும் ‘டிபீட்டிஸ்ட்’ என்பது, முதல் உலகப் போர்க்காலத்தில் பிரெஞ்சு மொழியினின்றும் வந்தது. 1942 ஆகஸ்டு 8ஆம் நாள் பம்பாயில் ‘குவிட் இந்தியா’ என்னும் தீர்மானம் நிறைவேறியது. 1947இல் ஆங்கிலேயர் ஆட்சியை விட்டு நீங்கினர். விடத்தக்கதை விட்டமையால் அவரை விட்டோடிகள் என்று நாம் இகழ்ந்தோமா? இல்லையே! ஆகவே விடுதல் என்னும் வினை தன்னளவிற் குற்றமுடையதன்று. எதனை, ஏன், யாருக்காக விட்டான் என்பதே வினவத்தக்கது.

நம் தமிழ் இவ்வினாக்களைச் சொற்களுக்குள்ளேயே வைத்துள்ளது. பற்றினை விட்டவனைத் துறவி என்று வணங்குகின்றோம். பிறர் பொருட்டுத் தன் உரிமையை விடுதலை விட்டுக்கொடுத்தல் என்று பாராட்டுகின்றோம். காக்க வேண்டியவரை விடுதலைக் கைவிடுதல் என்று கடிகின்றோம். ‘விடுதலை’ என்பதற்கும் ‘விடு’ என்பதே பகுதி. அப்பகுதியே முதல் நீண்டு ‘வீடு’ என்றாகி, உயிர் அடையும் முடிந்த பேற்றுக்கும் பெயராயிற்று. வலைகளை விட்டுத் தம் ஆசிரியரைப் பின்தொடர்ந்த மீனவரைக் கோழைகளென்று கூறுவார் எவருமிலர்.

நிற்க. இலக்கணம் பயில்வோர்க்கு இங்கே ஒரு நுட்பம் புலனாகும். பள்ளியை விட்ட மாணவரை அரசின் ஏடுகள் ‘இடைநின்றவர்’ என்று குறிக்கின்றன. ‘நின்றவர்’ என்பது வினையாலணையும் பெயர். அது காலம் காட்டும். அன்று நின்றார் என்னும் அளவே அது கூறுகின்றது. நாளை நடவார் என்று கூறவில்லை. ‘குவிட்டர்’ என்பதோ காலம் காட்டாத பெயர். ஒருநாட் செயலை ஒருவனது இயல்பாக்கி, ஆயுள் முழுதும் அவன் நெற்றியில் ஒட்டிவிடுகின்றது. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், பதினாறு வயதுச் சிறுவனுக்கு அதுவே திறந்த கதவுக்கும் அடைத்த கதவுக்கும் உள்ள வேறுபாடாகும்.

கடுஞ்சொல் ஊக்கம் தரும். நாணமே மாணவனை நிலைநிறுத்தும் என்பாரும் உளர். எங்கள் ஊரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடைபெறுகின்றது. படைத்துறைக்கு இளைஞரை ஆயத்தப்படுத்தும் அத்தகைய பள்ளி உள்ள ஊரில் வளர்ந்த யான் விடாமுயற்சியின் அருமையை அறியாதவனல்லேன். ஆயின் படைத்துறையும், ஆணைப்படி பின்வாங்குதலையும் படையை விட்டு ஓடுதலையும் ஒன்றாகக் கருதுவதில்லை. போர்க்களத்தில் காட்டும் பகுத்தறிவை வகுப்பறையிற் காட்டலாகாதோ?

கல்வியை இடையில் விடுதல் நன்றென்று யான் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. அஃது இழப்பே, பேரிழப்பே. ஆயினும், நோயும் கடனும் வந்த வீட்டில் சிறுவன் கல்வியைக் கைவிட்டானா, அன்றி நாம் அவனைக் கைவிட்டோமா என்று கேட்ட பின்னரே அவனுக்குப் பெயரிடல் வேண்டும்.

திருப்பூரின் பெயரைத் தன் பெயரோடு இணைத்துக்கொண்ட குமரனை நினைமின். 1904இல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்திற் பிறந்த அவர், வறுமையால் தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டார். கைத்தறி வருவாய் போதாமையால் அதனையும் விட்டுத் திருப்பூர் ஆலையொன்றில் வேலைக்கமர்ந்தார். இன்றைய நம் நாவின்படி அவர் இருமுறை ‘குவிட்டர்’! 1932 சனவரியில் தடையை மீறி நடந்த ஊர்வலத்தில் காவலர் தடியடிபட்டு வீழ்ந்தபொழுதும், அவர் கையினின்று கொடி நழுவவில்லை. சனவரி 11ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். பள்ளியை விட்ட அதே கைதான் கொடியை விடாத கையும். வறுமை விடச் செய்தவற்றைக் கொண்டு அவரை அளந்திருப்போமாயின், அவர் விடாது பற்றியதை அறியாதே போயிருப்போம்.

என் தோழன் இவ்வாண்டு தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுத எண்ணியுள்ளான். யான் பயின்ற நூல்களை அவனுக்கு அனுப்பியுள்ளேன். அவற்றோடு இவ்விதழையும் அனுப்புவேன். நண்பர்களே, இனி அவனையொத்த ஒருவர் நம் வாயிலுக்கு வந்தால், “ஏன் விட்டாய்?” என்று நகையாது, “எப்பொழுது தொடர்வாய்? யாம் செய்யத்தக்கது யாது?” என்று வினவுவோமாக.