பூட்டிய வீட்டுக்கு யார் காவல்? கம்பம் பள்ளத்தாக்கில் அக்கம்பக்கமும் போலீஸும்

விடியற்காலையில் கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கம் போனால் ஜீப் சத்தம்தான் முதலில் கேட்கும். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக மலையேறும் ஜீப்கள். இறங்கி வர சாயங்காலம் ஆகிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் பகல் முழுக்க பல வீடுகளில் பூட்டுதான் தொங்கும். மற்ற வீடுகளில் வயதான அப்பா, அம்மா மட்டும் இருப்பார்கள். மகனும் மகளும் சென்னை, கோவை, பெங்களூரு என்று ஐடி கம்பெனியிலோ வங்கியிலோ இருப்பார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்த மகனோ மகளோதான். ஊரில் இருக்கும் வீட்டைப் பற்றி ராத்திரி ஒரு நொடியாவது யோசிக்காத ஆள் உண்டா?

'போலீஸ் ரோந்து வரணும்' என்பது ஒரு பதில். 'நாமே தெருவுக்குத் தெரு காவல் குழு போடலாம்' என்பது இன்னொரு பதில். இரண்டும் சேர்ந்தால்தான் வேலைக்கு ஆகும். எப்படிச் சேர வேண்டும் என்பதில்தான் சிக்கலே.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2024 நவம்பர் கடைசியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த அப்பா, அம்மா, மகன் என மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. அதுவும் சம்பவம் நடந்து சில நாள்கள் கழித்துத்தான்.

அந்தச் 'சில நாள்கள்'தான் உறுத்துகிறது. ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை, ஆள் நடமாட்டம் இல்லை என்பதைக் கவனிக்கிற தூரத்தில் யாரும் இல்லை. இந்தக் கொலைகளுக்குப் பிறகு கொங்கு மண்டலத்தில் தோட்டத்து வீடுகளுக்கு போலீஸ் ரோந்து கூட்டப்பட்டது. தோட்டத்து வீடுகள் தேனி மாவட்டத்திலும் நிறைய. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் திருட்டு குறையுமா?

குறையும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980-களில் திருட்டு மிக அதிகம். அங்கே ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: ஒரு தடவை திருடுபோன வீட்டில்தான் மறுபடியும் திருடு போக வாய்ப்பு அதிகம். திருடனுக்கு வழி தெரியும், பூட்டு தெரியும், விட்டுவிட்டுப் போன பொருளும் தெரியும்.

அதனால் மொத்தக் குடியிருப்புக்கும் காவல் போடவில்லை. திருடுபோன வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் மட்டும் 'இந்த வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா சொல்லுங்க' என்று கேட்டார்கள். பூட்டு, கதவைப் பலப்படுத்தினார்கள். காசு போட்டு மின்சாரம், கேஸ் எடுக்கிற மீட்டர்களில் சேரும் பணம்தான் திருடர்களை இழுத்தது, அவற்றையும் எடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் வீட்டுத் திருட்டு சுமார் 75 சதவீதம் குறைந்தது.

பல நாடுகளில் நடந்த அக்கம்பக்கக் காவல் திட்டங்களைத் தொகுத்து 2008-ல் வந்த ஆய்வும், இத்தகைய திட்டங்கள் இருந்த பகுதிகளில் குற்றம் 16 முதல் 26 சதவீதம் வரை குறைந்ததாகச் சொன்னது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

கிர்க்ஹோல்ட் மக்கள் யாரும் தடி எடுக்கவில்லை, ரோந்து போகவில்லை, யாரையும் மடக்கி விசாரிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்தார்கள், சொன்னார்கள். அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இது புதுசா?

இல்லை. 1993-ல் ராமநாதபுரம் மாவட்ட எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி.பிலிப் தொடங்கியதுதான் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்'. பொதுமக்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்து, தகவல் தருவதிலும் ரோந்திலும் போலீஸுக்கு உதவுவது திட்டம். பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. வெளிநாட்டு விருதுகூடக் கிடைத்தது.

2020 ஜூனில் சாத்தான்குளம் சம்பவம். காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட வியாபாரி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் சித்ரவதைக்குப் பின் உயிரிழந்தனர். அன்று இரவு நிலையத்தில் தன்னார்வலர்களும் இருந்தனர், தாக்குதலில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் தரப்பு அதை மறுத்தது. ஆனாலும் ஜூலையில் தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது.

குற்றச்சாட்டு ஒருபக்கம் இருக்கட்டும். போலீஸும் அல்லாத, வெறும் பொதுமக்களும் அல்லாத ஒரு ஆள் காவல் நிலையத்துக்குள் இருந்தால், அவர் செய்வதற்கு யார் பொறுப்பு? ஊர்க்காவல் படைக்குச் சட்டம் உண்டு, சீருடை உண்டு, மேலதிகாரி உண்டு. 'நண்பர்' என்ற அடையாள அட்டைக்கு என்ன உண்டு? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தப் பெயரில் குழு தொடங்கினாலும் அதே இடத்தில்தான் போய் நிற்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன செய்கிறார்கள்?

கேரளத்தில் 2008-ல் 'ஜனமைத்ரி சுரக்ஷா' திட்டம் தொடங்கியது. முதலில் 20 காவல் நிலையங்கள், பின்னர் படிப்படியாக மாநிலம் முழுக்க. அங்கே மக்கள் போலீஸாக மாறுவதில்லை. போலீஸ்காரர்தான் தெருவுக்கு வருகிறார். பீட் அதிகாரி தன் பகுதியில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், குடும்பத்தில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்கள் யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பத்திலிருந்து குமுளி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம்தான். இந்த யோசனை மலையிறங்கி வரலாமே?

இந்தப் பள்ளத்தாக்கு ஏன் கூடுதல் கவனமாக இருக்கணும்?

'ஊர்க் காவல்' என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு கனமான வரலாறு இருக்கிறது. இன்றைய தேனி மாவட்டம் அன்று மதுரை ஜில்லாவில் இருந்தது. இந்தப் பக்கத்து ஊர்களில் காவல் முறை இருந்தது. ஊர் மக்கள் காவல்காரருக்குக் கூலி கொடுப்பார்கள். களவு போனால் காவல்காரர் மீட்டுத் தரணும், இல்லை ஈடு கட்டணும். நல்லதும் கெட்டதும் கலந்த ஏற்பாடு அது. காவல் என்ற பெயரில் மிரட்டிப் பணம் பிடுங்கிய புகார்களும் உண்டு.

ஆங்கில அரசு அதைச் சரிசெய்ய எடுத்த வழி இன்னும் மோசம். குற்றம் செய்தவரைப் பிடிப்பதை விட்டுவிட்டு, ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று எழுதியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் 1910-களில் பிரமலைக் கள்ளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கைரேகை பதியணும், ராத்திரி காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்கணும், வெளியூர் போகச் சீட்டு வாங்கணும். இதை எதிர்த்து நின்றபோது 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947-ல். 'ரேகைச் சட்டம்' என்று சொன்னால் இன்றும் இங்கே பெரியவர்களுக்குப் புரியும்.

'இன்னார் திருடுவார்கள்' என்று பிறப்பைப் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் உடம்பால் அறிந்தது. இன்றைய வாட்ஸ்அப் குழு அதே தவறை வேறு பெயரில் செய்யக் கூடாது.

'சந்தேக நபர்' என்றால் யார்?

பெரும்பாலான தெருக் குழுக்களில் வருவது இந்த மெசேஜ்தான்: 'நம்ம ஏரியால புது ஆள் சுத்துறான், உஷார்.' கூடவே ஒரு சிசிடிவி போட்டோ.

கம்பம் பள்ளத்தாக்கில் புது ஆள் இல்லாத நாள் எது? கார்த்திகை தொடங்கினால் சபரிமலை பக்தர்கள் இந்த வழியாகத்தான் குமுளிக்குப் போகிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டியில் கூட்டம் தாங்காது. போடிக்கு ஏலக்காய் வியாபாரி, கம்பத்துக்குத் திராட்சை வியாபாரி, போர்வை விற்கிறவர், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளி எல்லாரும் புது முகம்தான். முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட ஆரம்பித்தால் முடிவே கிடையாது.

அது எங்கே போய் முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த சென்னைக் குடும்பம் ஒன்று குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. 'பிள்ளை பிடிக்கிறவர்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. ஒரு மூதாட்டி இறந்தே போனார். அந்தக் கூட்டமும் 'நம்ம ஊரைக் காப்பாத்துறோம்' என்றுதான் நினைத்தது.

சட்டம் இதில் தெளிவு. கண்ணெதிரே, பிணையில் விட முடியாத கடுமையான குற்றம் செய்கிறவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் பிரிவு 40. கட்டி வைத்து அடிப்பதற்கு எந்தப் பிரிவும் இடம் தரவில்லை.

ஆக, கவனிக்க வேண்டியது பூட்டிய வீட்டை. 'யார் அவன்?' என்ற கேள்வியை விட 'அந்த வீட்டில் என்ன நடக்குது?' என்ற கேள்வி பயனுள்ளது. வரப்போகிறவரின் ஜாதி, மொழி எதுவாக இருந்தாலும் உடைந்த பூட்டு உடைந்த பூட்டுதான்.

சரி, நம்ம தெருவில் என்ன செய்யலாம்?

• ஐந்து வீடு போதும். 200 பேர் இருக்கிற குழுவில் எல்லாரும் 'குட் மார்னிங்' போடுவார்கள். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, எதிரே ஒன்று. இவர்களிடம் உங்கள் நம்பர் இருக்கட்டும்.

• வாசல் காட்டிக் கொடுக்கும். தெளிக்காத வாசல், கோலம் இல்லாத முற்றம், கேட்டில் தொங்கும் பால் பாக்கெட், பட்டப்பகலிலும் எரியும் வெளி லைட் எல்லாம் 'ஆள் இல்லை' என்ற போர்டு. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசல் தெளிக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

• சாவியும் ஸ்டேட்டஸும். பூந்தொட்டிக்கு அடியில், மீட்டர் பெட்டியில் சாவி வைக்கும் பழக்கம் ஊருக்கே தெரியும். டூர் போட்டோவைத் திரும்பி வந்த பிறகு போடலாம்.

• ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். எத்தனை நாள் வீடு பூட்டியிருக்கும், யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தால், ரோந்து வருகிறவர்கள் அந்த வீட்டையும் பார்க்க முடியும்.

• அப்பா, அம்மாவுக்கு தினமும் ஒரு போன். எடுக்கவில்லை என்றால் அடுத்த அரை மணியில் போய்ப் பார்க்க ஊரில் ஒருவர் வேண்டும். தோட்டத்து வீடு என்றால் இது கட்டாயம்.

• போட்டோவை குழுவில் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 100 அல்லது 112. 'காவல் உதவி' செயலியும் இருக்கிறது.

போலீஸ் என்ன செய்யணும்?

மக்களுக்கு மட்டும் அறிவுரை சொல்லி முடித்துவிட முடியாது. 'இதுக்கெல்லாமா ஸ்டேஷனுக்கு வந்தீங்க?' என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அந்தத் தெருவில் இருந்து அடுத்த தகவல் வராது. புகார் கொடுத்தால் ரசீது தரணும். வேறு ஸ்டேஷன் எல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது; எல்லை பார்க்காமல் எஃப்ஐஆர் போடச் சட்டமே சொல்கிறது. அதன் நகலையும் இலவசமாகத் தரணும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தகவல் சொன்னவரிடம் திரும்பி வந்து 'நீங்க சொன்னதைப் பார்த்தோம், விஷயம் இதுதான்' என்று ஒரு வார்த்தை சொல்வது. திருடுபோன தெருவுக்கு அடுத்த சில வாரம் கூடுதல் ரோந்து போவது. இரண்டுக்கும் புது பட்ஜெட் தேவையில்லை.

தேனி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு காவல் குழு தொடங்குகிறவர்கள், முதல் கூட்டத்திலேயே ஒரு விதியை எழுதி வைக்கட்டும்: பார்ப்பதும் சொல்வதும் நம்ம வேலை, பிடிப்பதும் விசாரிப்பதும் போலீஸ் வேலை. தண்டிப்பது கோர்ட்டின் வேலை. இந்தக் கோட்டை யார் தாண்டினாலும், அது போலீஸாகவே இருந்தாலும், குழு கேள்வி கேட்கணும்.