எக்செல் எதுவரை போதும்?

2020 அக்டோபர் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு குளறுபடி வெளிவந்தது. கொரோனா உறுதியான 15,841 பேர் அரசின் அன்றாடக் கணக்கில் விடுபட்டிருந்தார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய விவரங்களைப் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு எக்செலின் பழைய கோப்பு வடிவில் ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். ஒருவருக்கே பல வரிசைகள் பிடித்ததால் சுமார் 1,400 பேரோடு தாள் நிரம்பியது. மிச்சப் பெயர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்தன. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையும் தாமதமானது.

இதைக் காட்டி எக்செலையே மூட்டை கட்டச் சொல்வார்கள், பெரிய மென்பொருள் விற்பவர்கள். அவசரப்பட வேண்டாம். எக்செல் 2007-இல் வந்த புதிய வடிவம் 10,48,576 வரிசைகளைத் தாங்கும். ஆனால் அது மட்டும் தீர்வாகியிருக்காது. ஆள் உட்கார்ந்து பார்ப்பதற்கான தாளை, ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் கடத்தும் குழாயாக வைத்திருந்தார்கள். போட்ட எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வழி வைக்கவில்லை.

நம் ஊர் மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். எந்தச் சரக்கு தேங்குகிறது, எது எக்ஸ்பைரியை நெருங்குகிறது, எந்த ஸ்டாக்கிஸ்டுக்கு எவ்வளவு பாக்கி? பில் மென்பொருளிலிருந்து எக்செலுக்கு எடுத்து, பிவட் டேபிள் போட்டால் முடிந்தது. ஒரே கடை, முதலாளி ஒருவர் பார்க்கும் கணக்கு என்றால் அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

கடை நான்கு கிளைகளானால் கதை மாறுகிறது. திங்கள்தோறும் ஒருவர் நான்கு கோப்புகளைத் திறந்து வெட்டி ஒட்டுகிறார். ஒரு வாரம் ஒரு கிளையின் கடைசிப் பக்கம் விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. கருவியை மாற்ற வேண்டிய இடம் இதுதான். தரவு பெருத்ததைவிட, தடயமில்லாத கைவேலை திரும்பத் திரும்ப நடப்பதுதான் ஆபத்து. அப்போதும் தொலைவில் தேட வேண்டியதில்லை. பவர் குவெரி எக்செலுக்குள்ளேயே இருக்கிறது. படிகளை ஒருமுறை சொல்லிவைத்தால் அடுத்த வாரம் 'ரெஃப்ரெஷ்' அழுத்தினால் போதும். காசு கொடுத்து வாங்கிய எக்செலில் இது இருப்பது தெரியாமலே வேறு மென்பொருள் தேடுபவர்கள் நிறைய.

கிளை மேலாளர்கள் அவரவர் ஊரிலிருந்து, அவரவர் கணக்கை மட்டும், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்ற நிலை வரும்போது பவர் பிஐ, ஜோஹோ அனலிடிக்ஸ் போன்ற பகுப்பாய்வுக் கருவிகள் பொருள்படும். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம்தான். மற்றவர்களோடு பகிரப் போனால் பொதுவாகத் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் உண்டு. பைத்தானில் நிரல் எழுதிச் செய்துகொள்வதற்கு அதைவிட விலை அதிகம், ஆனால் அது மென்பொருளின் விலையல்ல: எழுதியவர் வேலையை விட்டுப் போனால் அந்த நிரலைப் புரிந்துகொள்ள இன்னொருவர் வேண்டும்.

எதை வாங்கினாலும் அழுக்குத் தரவு கூடவே வரும். 'பாராசிட்டமால் 650', 'பாரா-650', 'பாராசிடமால்' என்று மூன்று விதமாகப் பதிந்திருந்தால், விலையுயர்ந்த கருவி அதை மூன்று வண்ணப் பட்டைகளாக அழகாக வரைந்து காட்டும். ஆகவே விற்க வருபவரின் டெமோ தரவைப் பார்த்து மயங்காமல், உங்கள் கடையின் மூன்று மாத பில்களைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மொத்த விற்பனை உங்கள் பில் மென்பொருள் காட்டும் தொகையோடு ரூபாய் பிசகாமல் ஒத்துவந்த பிறகு விலை பேசலாம்.