இழுவை வீட்டுக்கு அலுமினியமா, ஃபைபரா?



துபாயில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் ட்ரெய்லர் வீடு ஒன்று கட்டப் போகிறான். லீவில் வரும்போது வாப்பாவையும் உம்மாவையும் ஏர்வாடி, முத்துப்பேட்டை என்று அழைத்துப் போக வேண்டும். உம்மாவுக்கு மூட்டுவலி, வழியில் கழிவறை தேடி அலைய முடியாது. பல வருடச் சேமிப்பைப் போடுகிறான். வெளிச்சுவருக்கு எதைப் போடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகப் பேச்சு. பெரும்பாலோர் அலுமினியம் என்கிறார்கள். "கரூர்ல பஸ் பாடிக்கே அதைத்தான் சார் அடிக்கிறாங்க" என்பது அவர்கள் வாதம்.

நான் ஃபைபர் கட்சி.

கரூர்க்காரர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பஸ் தினமும் ஓடுகிறது. கழுவுகிறார்கள். எஃப்.சி.க்குப் போகும்போது தட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்கிறார்கள். இந்த ட்ரெய்லரோ வருடத்தில் ஒரு மாதம் ஓடும். மீதி நாளெல்லாம் நாகூரில், கடலுக்குப் பக்கத்துச் சந்தில், உப்புக் காற்றில் சும்மா நிற்கும். அது எங்கே போகும் என்பதைவிட எங்கே நிற்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

வகுப்பில் உலோகங்களின் வினைவரிசை நடத்தினேனே, நினைவிருக்கிறதா? அலுமினியம், துத்தநாகம், இரும்பு என்று இறங்கி வரும். அலுமினியத்தைத் தனியாக விட்டால் தன் ஆக்சைடு படலத்தாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் அதை இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து இரும்புத் திருகால் முடுக்குகிறோம். நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி மின்கலம். வரிசையில் மேலே இருக்கும் அலுமினியம்தான் அரிபடும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூப்பது அதனால்தான்.

இன்னொன்று வெயில். 4 மீட்டர் நீளத் தகடு 40 டிகிரி சூடேறினால் அலுமினியம் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இரும்பு 2 மில்லிமீட்டர்கூட நீளாது. தினமும் இப்படி இழுபறி நடந்தால் திருகுத் துளை அகலாமல் என்ன செய்யும்? ஐப்பசி மழையில் அந்த வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளே பிளைவுட்டை ஊற வைக்கும். வெளியே தகடு பளபளவென்றே இருக்கும். முதலில் மூக்குக்குத்தான் தெரியும்.

ஏசிபி ஷீட் மலிவு என்கிறான் ஒருவன். இரண்டு மெல்லிய அலுமினியத் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக். கடை முகப்புக்கு அழகு, அவ்வளவுதான்.

ஃபைபர் நமக்குப் புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்டன. கடலிலேயே கிடக்கும் பொருளுக்கு உப்புக் காற்று எம்மாத்திரம்? விரிசல் விட்டாலும் மேட் வைத்து ரெசின் பூசி ஒட்டுகிற கைகள் நாகப்பட்டினம் கரையிலேயே இருக்கின்றன. கரூருக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. வெயிலில் மேல்பூச்சு வெளுத்துச் சுண்ணாம்புபோல் உதிரும். மெழுகுப் பாலிஷ் போட வேண்டும், நிற்கும் இடத்தில் நிழலும் வேண்டும். ரெசின் தீப்பிடிக்கும், ஆகவே அடுப்புப் பக்கம் எவர்சில்வர் தகடு அடித்தே ஆக வேண்டும். பழசானால் அலுமினியத்தைக் காயலான் கடையில் எடைக்குப் போடலாம், ஃபைபரை எவனும் வாங்க மாட்டான். உடைந்த படகுகள் கரையில் அப்படியே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு மார்க்கை அலுமினியக் கட்சிக்கே கொடுத்துவிடுகிறேன்.

தம்பி, அடிச்சட்டம் எப்படியும் இரும்புதான். அதை முழுதாக உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கச் சொல், பெயிண்டோடு விட்டுவிடாதே. கூரையும் சுவரும் முடிந்தவரை இணைப்பு இல்லாமல் ஒரே வார்ப்பாக வரட்டும். முன்பணம் கொடுக்கும் முன் சுவரின் மாதிரித் துண்டு ஒன்று வெட்டித் தரச் சொல்லி அதன் ஓரத்தைப் பார். நடுவில் ஃபோம் இருந்தால் பேசு. பிளைவுட் தெரிந்தால் அடுத்த பட்டறைக்குப் போ.