அரை அங்கியில் பிறந்த பதவி

ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காக ஜெர்மன் படித்து வருகிறேன். இரண்டு மூன்று சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுவது அம்மொழியின் வழக்கம். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்கொரு சுகம். சென்ற வாரம் பிரித்தது ‘கபெல்மைஸ்டர்’.

அரசவையிலோ ஆலயத்திலோ பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் பழக்கி நடத்துபவர் என்று பொருள். ‘மைஸ்டர்’ லத்தீன் ‘மாகிஸ்டர்’ வழி வந்தது. நம் பள்ளிக்கூட ‘மாஸ்டர்’ அதற்குத் தம்பி முறை. ‘கபெல்லே’யின் கதைதான் சுவையானது. லத்தீனில் ‘கப்பெல்லா’ என்றால் சிறிய அங்கி. நான்காம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரர், இன்றைய பிரான்சிலுள்ள அமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய ஒரு பிச்சைக்காரருக்குத் தன் அங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தாராம். மீதிப் பாதியை ஃபிராங்கிய அரசர்கள் புனிதப் பொருளாகக் காத்தார்கள். அதை வைத்த இடம் ‘கப்பெல்லா’ ஆயிற்று. பிறகு சிற்றாலயங்களுக்கெல்லாம் அதே பெயர். நாம் சொல்லும் ‘சேப்பல்’ இதுதான். அங்கே பாடும் குழுவுக்கும், கடைசியில் ஆலயத்துக்குச் சம்பந்தமில்லாத வாத்தியக் குழுவுக்கும் பெயர் பரவியது.

இசைமேதை பாக், 1717 முதல் கோத்தன் அரண்மனையில் கபெல்மைஸ்டர். 1723இல் லைப்சிக் நகரின் தோமாஸ் பள்ளிக்குக் ‘கான்டோர்’ ஆகப் போனார். பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஆலயத்தில் பாட வைக்கும் வேலை. கபெல்மைஸ்டராக இருந்துவிட்டுக் கான்டோர் ஆவது முதலில் தமக்குப் பொருத்தமாகப் படவில்லை என்று 1730இல் பழைய நண்பர் எர்ட்மானுக்கு எழுதினார். ஆனால், 1750இல் இறக்கும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். மத்தேயு பேஷன் என்ற மாபெரும் படைப்பை முதலில் பாடியவர்களும் அந்தப் பள்ளிப் பையன்கள்தான்.

பாக்கையே உறுத்திய அந்த மனக்குறை எனக்குத் தலைகீழாக வாய்த்தது. கணக்கு வாத்தியாராக இருந்த நான் தலைமையாசிரியர் ஆனபோது வீட்டில் பாயசம் வைத்தார்கள். அடுத்த ஜூனிலிருந்து கோப்புகளும் கூட்டங்களும்தான்; சாக்கட்டியைத் தொடவே நேரமில்லை. உயர்ந்துவிட்டதாக நினைத்தேன். இன்று வழியில் பார்த்து வணக்கம் சொல்பவர்கள் எல்லாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள்தான்.

கல்வி கொடுக்கக் குறையாது என்பார்கள். கற்பிப்பவரின் நேரம் குறையத்தான் செய்கிறது. அதுதான் அவர் வெட்டிக் கொடுக்கும் பாதி அங்கி. அதைக் கொடுக்கத் தேவையில்லாத பதவியைப் பதவி உயர்வு என்று சொல்வது சரியா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.